ஆபீஸ் மாறப் போகிறேன்: சேரும் முன் என்னவெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்? (பெண் வக்கீல்கள் சொல்லுங்கள்)

கறுப்புகோட்டு:

எல்லோருக்கும் வணக்கம். என்ரோல் ஆகி ஆறு வருடம் ஆகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் பிராக்டிஸ், பெரும்பாலும் ரிட், சிவில் அப்பீல், இடையிடையே சிட்டி சிவில் கோர்ட். ஆரம்பத்திலிருந்து ஒரே சீனியர். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, டிராஃப்டிங் என்றால் என்னவென்று கற்றுக்கொடுத்ததே அவர்தான். ஆனால் இன்றைக்கும் எனக்கு வருவது ரிட்டர்ன் (குறை சொல்லித் திருப்பிய மனு) சரி செய்வது, பாஸ் ஓவர் (வழக்கைச் சற்று நேரம் கழித்து எடுக்கச் சொல்வது) கேட்பது, கவுண்டர் (பதில் மனு) டிராஃப்ட் செய்வது. எனக்கு இரண்டு வருடம் பின்னால் சேர்ந்த பையன் போன மாதம் ஒரு இரண்டாம் அப்பீலில் ஃபைனல் ஹியரிங் எழுந்து ஆர்க்யூ செய்தான். அந்த வழக்குக் கட்டுக்குத் தேதி வாரியான குறிப்பு எழுதி, தீர்ப்புகளைத் தேடித் தொகுத்து, கொடி ஒட்டிக் கொடுத்தது நான். சீனியரிடம் கேட்டதற்கு, "அவனுக்குக் குரல் நன்றாக இருக்கிறதும்மா, உனக்கு டிராஃப்டிங் கை" என்றார்.

மாறலாம் என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு இடம் கையில் இருக்கிறது. ஒன்று நுங்கம்பாக்கத்தில் ஒரு ஃபர்ம், இருபத்தைந்து வக்கீல்கள் இருப்பார்கள், கம்பெனி தீர்ப்பாயம், ஆர்பிட்ரேஷன், கமர்ஷியல் வழக்குகள். மாதம் 75,000 தருகிறார்கள். இன்னொன்று அரண்மனைக்காரத் தெருவில் ஒரு மேடம் ஆபீஸ், நான்கு ஜூனியர்கள்தான், 40,000, ஆனால் சொந்த கேஸ் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். இப்போது வாங்குவது 28,000.

கல்யாணமாகி ஒன்றரை வருடம், வீடு குரோம்பேட்டையில். ஃபர்மில் இரண்டாவது ரவுண்டில் ஒருவர் "அடுத்த இரண்டு மூன்று வருடத்துக்கு வீட்டில் என்ன பிளான்?" என்று கேட்டார். என்ன பிளானைக் கேட்கிறார் என்று எனக்கும் புரிந்தது, எனக்குப் புரிந்தது என்று அவருக்கும் தெரியும். மழுப்பிவிட்டு வந்தேன். மேடம் ஆபீஸில் அப்படி எதுவும் கேட்கவில்லை, பெண் என்பதால் அங்கே நிம்மதியாக இருக்கும் என்று அம்மாவும் மாமியாரும் அதிசயமாக ஒரே கட்சியில் சேர்ந்து சொல்கிறார்கள். பணத்தைப் பார்த்தால் ஃபர்ம். மாறிய அனுபவம் உள்ளவர்கள், நீங்கள் எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள்? சேருவதற்கு முன்பே பேறுகால விடுப்பைப் பற்றிக் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

ராஜாஜிசாலை:

நான் ஒரு டிஸ்ப்யூட்ஸ் ஃபர்மில் பார்ட்னர், ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள், அதனால் அந்தப் பக்கத்துச் சேதியைச் சொல்கிறேன்.

முதலில் 75,000. அது சம்பளம் இல்லை, ஃபீஸ். பிராக்டிஸ் செய்யும் வக்கீல் முழு நேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 49 சொல்வதால் ஃபர்ம்கள் ரிடெய்னர் (மாதாந்திர ஃபீஸ் ஏற்பாடு) என்றுதான் லெட்டர் கொடுக்கும். மாதம் 10% டிடிஎஸ் போக கையில் வருவது 67,500. டிடிஎஸ்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம். வருடம் ஒன்பது லட்சம், நாம் 44ஏடிஏ என்று சொல்லும் திட்டத்தில் பாதியை லாபமாகக் காட்டினால் நாலரை லட்சம், வேறு வருமானம் இல்லையென்றால் புதிய வரி முறையில் வரியே வராது, பிடித்த 90,000 திரும்பி வந்துவிடும். கவலைப்பட வேண்டியது கிடைக்காத விஷயங்களைப் பற்றித்தான். பிஎஃப் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, லெட்டரில் எழுதாவிட்டால் நோட்டீஸ் காலத்துப் பணம்கூட இல்லை.

இப்போது பேறுகால விடுப்பு. சட்டம் 26 வாரம் தருகிறது, முதல் இரண்டு குழந்தைகளுக்கு. முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். 1961 சட்டத்தில் 2017ல் வந்த திருத்தம் இது, 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்தக் கணக்கு மாறவில்லை. ஆனால் ரிடெய்னர் என்று கையெழுத்துப் போட்டவர் போய் நின்றால் "நீங்கள் எங்கள் ஊழியரே இல்லையே மேடம்" என்று சொல்ல இடமிருக்கிறது. கேரளத்துக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தில் வக்கீல் ஆபீஸ் வராது என்று 1984ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அது வேறு சட்டம்தான், ஆனாலும் அதைப் பிடித்து இழுத்து இங்கே கொண்டுவந்து வாதாடத் தெரியாதவர்களா நம் ஆட்கள்? ஊரிலுள்ள கம்பெனிகளுக்கெல்லாம் லேபர் லா ஒப்பீனியன் எழுதிக் கொடுக்கும் ஆபீஸ்களிலேயே சொந்த ஜூனியருக்கு ஒரு வரி பாலிசி இருக்காது.

அதனால் கேளுங்கள், கண்டிப்பாகக் கேளுங்கள், ஆஃபர் கைக்கு வந்த பிறகு, கையெழுத்துக்கு முன்பு. எத்தனை வாரம், ரிடெய்னர் முழுதாக வருமா, திரும்பி வந்தால் எந்த மேட்டர்கள் கையில் இருக்கும் என்று மூன்றையும் லெட்டரில் ஏற்றச் சொல்லுங்கள். கேட்டதற்காக ஆஃபரைத் திரும்ப எடுத்துக்கொள்கிற இடம் என்றால், அது ஆறு மாதக் கர்ப்பத்தில் தெரிவதைவிட இப்போதே தெரிவது உத்தமம். இன்னொன்று, பாலிசி இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். "கடைசியாக இங்கே குழந்தை பெற்றுத் திரும்பி வந்தவர் யார், அவரிடம் பத்து நிமிடம் பேசலாமா" என்று கேளுங்கள். பாலிசி என்றால் பிடிஎஃப் அனுப்பிவிடுவார்கள். ஆளைக் காட்டு என்றால்தான் முழிப்பார்கள். அப்படி ஒருவர் இருந்து, அவர் இப்போது ரிசர்ச் நோட்டும் டியூ டிலிஜென்ஸும் மட்டும் செய்துகொண்டிருந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டியதில்லை.

உங்கள் ஆர்க்யூமென்ட் ஆசைக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஃபர்ம் பெரிதாக ஆக, பெரிய மேட்டரில் வெளியிலிருந்து சீனியர் கவுன்சிலை பிரீஃப் செய்து வாதாட வைப்பார்கள். ஃபர்மில் இருக்கும் ஆணும் ஆர்க்யூ செய்ய மாட்டார், பெண்ணும் செய்ய மாட்டார், இருவரும் பின்னால் நின்று பக்க எண்ணை எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் ஆர்பிட்ரேஷனில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது பல இடங்களில் ஃபர்ம் ஆட்களே, அது பெரிய பயிற்சி. அதை யார் செய்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். ஆர்பிட்ரேஷன் சனிக்கிழமையும் மாலை நேரமும் நடக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

தம்புசெட்டித்தெரு:

மேலே அக்கா சொன்னது எல்லாம் சரி. ஆனால் இண்டர்வியூவில் கேட்டால் எல்லோரும் "எங்கள் ஆபீஸில் ஆண் பெண் வித்தியாசமே பார்ப்பதில்லை" என்றுதான் சொல்வார்கள். கேட்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, நம் தொழிலில் மட்டும் இருக்கிற வசதி. ஆர்டர் காப்பியை எடுத்துப் பாருங்கள்.

உயர் நீதிமன்ற ஆர்டர் எல்லாமே இணையத்தில் கிடைக்கிறது. மனுதாரருக்காக இன்னார், எதிர்மனுதாரருக்காக இன்னார் என்று தலைப்பிலேயே இருக்கும், அதிலும் நம் ஊர் வழக்கப்படி "திருமதி இன்னார், இன்ன அசோசியேட்ஸுக்காக" என்று யார் எழுந்து நின்றார்கள் என்பது பெயரோடு பதிவாகும். தீர்ப்புகளைத் தேடும் தளமான இந்தியன் கானூனில் ஃபர்ம் பெயரைப் போட்டுத் தேடி, இரண்டு வருடத்து ஆர்டர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து புரட்டுங்கள். பெண் பெயர் வருகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், எந்த மாதிரி ஆர்டரில் வருகிறது என்று பாருங்கள். "கால அவகாசம் கோரப்பட்டது, இரண்டு வாரம் கழித்துப் பட்டியலிடவும்" என்கிற நாலு வரி ஆர்டரில் எல்லாம் பெண் பெயர், இருபது பக்கத் தீர்ப்பில் எல்லாம் ஆண் பெயர் என்றால் அந்த ஆபீஸில் அவரவர் இடம் என்ன என்பது அதிலேயே இருக்கிறது. ஒரே பெண் பெயர் மூன்று நான்கு வருடம் தொடர்ந்து வந்தால் நல்ல அறிகுறி. வருடத்துக்கு ஒரு புதுப் பெயர் வந்து மறைந்தால், மறைந்தவர்களைத் தேடிப் பிடியுங்கள். கோர்ட்டில் யாரையும் தேடிப் பிடிக்க முடியாதா என்ன, லஞ்ச் நேரத்தில் லேடீஸ் ரூமில் கேட்டால் ஜாதகமே கிடைக்கும். நான் இப்போது இருக்கும் இடத்தை அப்படி விலகிப் போன ஒருவரிடம் பேசிவிட்டுத்தான் தேர்ந்தெடுத்தேன், விலகியவரே "போ, தைரியமாகப் போ, நான் டெல்லிக்குப் போவதால்தான் விட்டேன்" என்றார்.

பெண் சீனியர் என்றால் நிம்மதி என்பது வீட்டில் இருப்பவர்களின் கற்பனை. "நான் பிரசவத்துக்கு முந்தின வாரம் வரைக்கும் கோர்ட்டுக்கு வந்தேன்" என்று பெருமையாகச் சொல்லும் மேடம்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் லீவு கேட்டுப் பாருங்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, அவர்கள் வந்த காலம் அப்படி. ஆண் சீனியரில் தங்கமானவர்களும் இருக்கிறார்கள். ஆளைப் பாருங்கள்.

சீனியர் ஆபீஸ் என்றால் பார்க்க வேண்டியவை வேறு. கோர்ட் காலை 10.30க்கு உட்காருகிறது, சாயந்திரம் எழுகிறது, அது எல்லோருக்கும் ஒன்று. அதற்கு மேல்தான் கதை. பல சீனியர்களுக்கு கான்ஃபரன்ஸ் என்பது மயிலாப்பூரிலோ ஆழ்வார்பேட்டையிலோ வீட்டு ஆபீஸில் ஆறரை மணிக்கு ஆரம்பிக்கும். கட்சிக்காரர் பேசி முடித்துப் போன பிறகு ஒன்பது மணிக்கு "அந்த அஃபிடவிட்டை ஒரு பார்வை பார்த்துவிடலாமா" என்பார். அந்த ஒன்பது மணிப் பேச்சில்தான் தொழில் கற்றுக்கொள்ள முடியும் என்பதும் உண்மை, அதில் இருக்க முடியாதவருக்கு நல்ல கட்டு கைக்கு வராது என்பதும் உண்மை. வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணி வரை, குரோம்பேட்டை போகிறவருக்கு என்ன ஏற்பாடு, கூகுள் மீட்டில் சேர்ந்துகொண்டால் ஒத்துக்கொள்வாரா? நேராகவே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் சிரிக்காதீர்கள், போகும்போது அந்த ஆபீஸின் பாத்ரூமைப் பார்த்துவிட்டு வாருங்கள். பாரிமுனைக் கட்டடங்களைத்தான் சொல்கிறேன். இரண்டாவது மாடி ஆபீஸுக்கு, மாடிப்படித் திருப்பத்தில், நாலு ஆபீஸுக்கும் பொதுவாக ஒன்று, சாவி கீழே ஜெராக்ஸ் கடைக்காரரிடம் இருக்கும். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் ஓட்டி யூரினரி இன்ஃபெக்ஷன் வாங்கிய ஜூனியர்கள் எத்தனை பேர் என்று எங்களைக் கேளுங்கள்.

சொந்த கேஸ் எடுத்துக்கொள்ளலாம் என்கிறாரே, அது வாய் வார்த்தைக்கு நன்றாக இருக்கும். வக்காலத்தில் ஆபீஸ் முகவரியைப் போடலாமா? மனுபத்ரா, எஸ்சிசி (தீர்ப்பு தேடும் தளங்கள்) லாகின் உங்கள் கேஸுக்கும் உண்டா? குமாஸ்தா உங்கள் பேப்பரை ஃபைல் செய்வாரா? இந்தக் கடைசி கேள்வியை லேசாக நினைக்காதீர்கள். பையன்களோடு டீக்கடையில் நிற்கிற குமாஸ்தா, அவர்கள் பேப்பரை அன்றைக்கே நம்பர் வாங்கிவிடுவார். நம் பேப்பர் மட்டும் "செக்ஷனில் ஆள் இல்லைம்மா" என்று மூன்று நாள் தூங்கும்.

மதுரைபெஞ்ச்:

நான் ஆண், மதுரையில் சின்ன ஆபீஸ், மூன்று ஜூனியர்கள், அதில் ஒருவர் பெண். கோபப்படாமல் படியுங்கள். சீனியர் பக்கத்தில் இருக்கிற பயத்தையும் யாராவது சொல்ல வேண்டும். மூன்று வருடம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்து, ஒரு கட்டைத் தனியாகக் கையாளுகிற நிலைமைக்கு வரும்போது கல்யாணம், மாப்பிள்ளை பெங்களூரு என்று போய்விடுகிறார்கள். மறுபடி அ ஆவிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. என்னைப் போன்ற ஆபீஸில் 26 வாரம் பணம் கொடுத்து உட்கார வைக்க உண்மையிலேயே முடியாது. ஸ்டைபெண்டே 2024ல் உயர் நீதிமன்றம் சொன்னபடி, சென்னை, மதுரை, கோவையில் 20,000, மற்ற ஊர்களில் 15,000 என்பதை எத்தனை பேர் கொடுக்கிறார்கள் சொல்லுங்கள். பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவும் அதே வருடம் இதே தொகையைச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. ஜூனியர் போய்க் கேட்டால் "அது பரிந்துரைதானே தம்பி" என்கிறார்கள். நான் கொடுக்கிறேன், அதைக் கொடுக்கவே நாக்குத் தள்ளுகிறது.

பாஸ்ஓவர்:

சார், மரியாதையோடு கேட்கிறேன். உங்களிடமிருந்து போன ஆண் ஜூனியர்கள் எத்தனை பேர்? ஒருவர் கவர்மென்ட் பிளீடர் ஆபீஸுக்குப் போயிருப்பார், ஒருவர் தனியாக போர்டு மாட்டியிருப்பார், போகும்போது இரண்டு கட்சிக்காரரையும் கூட்டிக்கொண்டு போயிருப்பார். அதை "பையன் வளர்ந்துவிட்டான்" என்று பெருமையாகச் சொல்வீர்கள். பெண் போனால் மட்டும் நஷ்டக் கணக்கா? நான் என் பழைய ஆபீஸை விட்டுப் போனது பெங்களூரு மாப்பிள்ளைக்காக இல்லை, நாலு வருடம் கழித்தும் சப்மிஷன் செய்ய விடாததால். வீட்டில் சொன்ன காரணம் மட்டும் கல்யாணம், ஏனென்றால் அதைச் சொன்னால்தான் யாரும் மேலே கேள்வி கேட்பதில்லை, சீனியர் மனமும் நோகாது. உங்கள் கணக்கில் கல்யாணம் என்று எழுதியிருப்பதில் பாதி இப்படித்தான் இருக்கும்.

மதுரைபெஞ்ச்:

இது நான் யோசிக்காத கோணம். சரி. கேட்டவருக்கு உபயோகமாக ஒன்று சொல்கிறேன்: விடுப்புக்குப் பணம் கொடுக்க முடியாத சின்ன ஆபீஸில்கூட, கட்டை உங்கள் பெயரில் வைத்திருந்து திரும்பி வந்ததும் கையில் கொடுக்கலாம். அதற்குச் செலவு எதுவும் இல்லை. எங்கள் ஆபீஸ் தங்கச்சிக்கு அப்படித்தான் செய்தோம், இடையில் மற்ற இருவரும் அட்ஜர்ன்மென்ட் வாங்கிப் பார்த்துக்கொண்டார்கள். அதைக் கேளுங்கள்.

கம்பெனிவக்கீல்:

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறதே, யாரும் சொல்லவில்லை. நான் ஒரு உற்பத்திக் கம்பெனியின் லீகல் டிபார்ட்மென்டில் இருக்கிறேன், ஒரகடம் பக்கம். இங்கே நான் ஊழியர், பிஎஃப், கிராஜுவிட்டி, 26 வாரம், எதற்கும் யாரிடமும் கெஞ்ச வேண்டாம். ஐம்பது பேருக்கு மேல் இருக்கிற இடம் என்பதால் குழந்தைகள் காப்பகமும் வைத்தே ஆக வேண்டும். ஆறு மணிக்கு கம்பெனி பஸ். கோர்ட்டை நினைத்து ஏங்குகிறேனா என்று கேட்டால், ஆமாம், வெளி வக்கீல் தப்பாக ஆர்க்யூ செய்வதைப் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கும்போது கை துறுதுறுக்கும்.

ஆனால் உங்களுக்கு ஒரு விஷயம். முழு நேர வேலைக்குப் போனால் சன்னத்தை (வக்கீல் பதிவை) சஸ்பெண்ட் செய்ய வேண்டும். நேரடி மாவட்ட நீதிபதித் தேர்வுக்கு ஏழு வருடம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 233வது பிரிவு, அதுவும் இடையில் விடாமல். ஆறில் நிற்கிறீர்கள். அந்த எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் இப்போது கம்பெனிப் பக்கம் வராதீர்கள். இல்லையென்றால் வாருங்கள்.

கோவைசிவில்:

இன்னும் யாரும் தொடாத விஷயம், ஐசி, அதாவது ஆபீஸில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் உள் குழு. போஷ் சட்டம் 2013ல் பணியிடம் என்பதில் தனியார் தொழில்முறை அலுவலகமும் வரும், ஊழியர் என்பதில் ஒப்பந்தத்தில் இருப்பவர், பயிற்சியில் இருப்பவர், ஊதியமே வாங்காதவர்கூட வருவார். ஆகவே ரிடெய்னர் என்று சொல்லி இதிலிருந்து நழுவுவது கஷ்டம். பத்துப் பேர் இருந்தால் உள் குழு கட்டாயம், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும், தலைமை பெண். இருபத்தைந்து வக்கீல் ஃபர்மில் "வெளி உறுப்பினர் யார்?" என்று மட்டும் கேளுங்கள். ஆபீஸ் மேனேஜர் முகத்தைப் பார்த்தால் குழு வருடத்துக்கு ஒரு முறையாவது கூடுகிறதா, பேப்பரில் மட்டும் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மேடம் ஆபீஸில் பத்துப் பேர் இல்லை, அங்கே மாவட்ட அளவில் இருக்கிற உள்ளூர்ப் புகார்க் குழுதான். புகாருக்கு மூன்று மாதம் கெடு, தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. ஆபீஸில் பிரச்சினை வருவது சீனியரால்தான் என்றில்லை, கட்சிக்காரராலும் வரும், அப்போது "பெரிய கிளையன்ட், விட்டுவிடும்மா" என்று சொல்கிற இடமா இல்லையா என்பதை விலகிப் போனவர்களிடம்தான் கேட்க முடியும்.

கறுப்புகோட்டு:

எல்லோருக்கும் நன்றி. தம்புசெட்டி அக்கா சொன்ன மாதிரியே ஆர்டர்களை எடுத்துப் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை போதவில்லை, திங்கள் ராத்திரியும் ஆனது. ஃபர்மின் பெரிய தீர்ப்புகளில் எல்லாம் வெளி சீனியர் கவுன்சில் பெயர்தான், ராஜாஜிசாலை அக்கா சொன்னது அப்படியே. அவகாசம் கேட்கிற ஆர்டர்களில் நிறையப் பெண் பெயர்கள். அதில் ஒருவரைத் தேடிப் பேசினேன். பணம் நேரத்துக்கு வரும், ஐசி இருக்கிறது, மரியாதைக் குறைவு கிடையாது என்றார், ஆர்பிட்ரேஷன் குறுக்கு விசாரணை பற்றிக் கேட்டதும் மட்டும் சிரித்தார். பேறுகால விடுப்பைப் பற்றி ஃபர்முக்கு மெயில் போட்டேன். "கேஸ் டு கேஸ் பார்த்துச் செய்வோம்" என்று பதில் வந்தது. லெட்டரில் எழுத முடியுமா என்றேன், இன்னும் பதில் இல்லை.

மேடத்தின் ஆர்டர்களில் ஒரு ஜூனியர் பெயர் தொடர்ந்து வருகிறது, ஒரு நீண்ட பாகப்பிரிவினை அப்பீல் தீர்ப்பில் அவர் மட்டுமே ஆஜர். பெயரை நினைவு வைத்துக்கொண்டு லைப்ரரி வராண்டாவில் பிடித்துப் பேசினேன். மேடம் கோபக்காரர், ஆபீஸ் ஏழரைக்கு மூடிவிடும், சனிக்கிழமை கட்டாயம் வர வேண்டும், பாத்ரூம் உள்ளேயே இருக்கிறது (நானே வாய்விட்டுக் கேட்டேன்). விடுப்பு பற்றி மேடத்திடமே கேட்டேன். மூன்று மாதம் முழுப் பணம், அதற்கு மேல் முடியாது, ஆனால் உன் கட்டு உன்னுடையதுதான் என்றார். அதையும் ஒரு மெயிலில் போடச் சொன்னேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தார், பிறகு "இதை என்னிடம் கேட்ட முதல் ஆள் நீ" என்று சொல்லி அப்போதே டைப் செய்து அனுப்பினார்.

40,000 கொஞ்சம் உதைக்கிறது. பேசி 48,000 வரை வந்திருக்கிறது. அங்கேதான் போகப் போகிறேன் என்று நினைக்கிறேன். இப்போது கடைசிச் சந்தேகம்: பழைய ஆபீஸில் என் மூலம் வந்த கட்சிக்காரர்கள் நாலைந்து பேர், என் சித்தப்பா ஊர்க்காரர்கள்தான், அவர்களும் என்னோடு வருகிறேன் என்கிறார்கள். வக்காலத்து சீனியர் பெயரில் இருக்கிறது. இதை எப்படிச் செய்வது?

தம்புசெட்டித்தெரு:

பார் கவுன்சில் விதி 39 தெரியும்தானே, முன்பே வக்காலத்து இருக்கும் வழக்கில் அந்த வக்கீலின் சம்மதம் வாங்கித்தான் நுழைய வேண்டும், தராவிட்டால் காரணம் சொல்லி கோர்ட்டின் அனுமதி கேட்க வேண்டும். ஆகவே நீங்கள் முதலில் கட்சிக்காரர்களை அழைக்காதீர்கள். அவர்களே சீனியருக்கு ஒரு கடிதம் எழுதட்டும், வக்கீலை மாற்ற விரும்புகிறோம், சம்மதம் கொடுங்கள் என்று. பாக்கி ஃபீஸ் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள், சண்டை வருவதே அங்கேதான். இதற்கெல்லாம் முன்பு நீங்கள் நேரில் போய் சீனியரிடம் விலகப் போவதைச் சொல்லிவிடுங்கள், குமாஸ்தா வாயிலாக அவருக்குப் போகக் கூடாது.

விலகினால் இத்தனை வருடம் இந்தக் கிளையன்ட்களைத் தொடக் கூடாது என்று ஏதாவது பேப்பரில் கையெழுத்துப் போட்டிருந்தால் சொல்லுங்கள், தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிற ஒப்பந்தச் சட்டம் 27வது பிரிவு இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

மதுரைபெஞ்ச்:

கட்டுகளைப் பட்டியல் போட்டு, எது எந்த ஸ்டேஜ், அடுத்த தேதி என்ன, எதில் கவுண்டர் பாக்கி என்று எழுதி ஒப்படைத்து, அதில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கமர்ஷியல் சூட் ஏதாவது இருந்தால் ரிட்டன் ஸ்டேட்மென்டுக்கு (பிரதிவாதியின் பதிலுரைக்கு) 120 நாள் கடைசிக் கெடு, அதை முதலில் எழுதுங்கள். நாளைக்கு ஏதாவது ஒன்று எக்ஸ்பார்ட்டி ஆனால் (நம் பக்கம் கேட்காமலே முடிந்தால்) போனவர் தலையில்தான் விழும்.

கறுப்புகோட்டு:

கமர்ஷியல் சூட் இரண்டு இருக்கிறது, ஒன்றுக்கு இன்னும் மூன்று வாரம்தான். அதை நானே ஃபைல் செய்துவிட்டுச் சொல்கிறேன் சீனியரிடம். பேப்பரில் எதிலும் கையெழுத்து வாங்கவில்லை, ஆறு வருடமாக ஆஃபர் லெட்டரே இல்லாமல்தான் இருக்கிறேன்.